அப்பாவின் .32 பிஸ்டல் ஏன் நடுவில் நின்றுவிடுகிறது?

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அப்பா காலமான பின் அவருடைய பிஸ்டல் உங்கள் லைசென்ஸில் ஏறியிருக்கிறது. பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங், 1910 மாடல், .32 ரகம். தேர்தல் அறிவிப்பு வந்ததும் ஸ்டேஷனில் ஒப்படைத்து, மூன்று மாதம் கழித்து வாங்கி வந்தீர்கள். மேலே லேசான துரு இருந்ததால் துடைத்து, வீட்டிலிருந்த தேங்காய் எண்ணெயைத் தாராளமாக விட்டீர்கள். பிறகு ரைஃபிள் கிளப்பில் பயிற்சியாளர் பக்கத்தில் நிற்க 14 தோட்டா சுட்டதில் ஐந்து முறை நின்றுவிட்டது. மூன்று முறை சுட்ட காலித் தோட்டா, ஸ்லைடு என்ற மேலே முன்பின் ஓடும் உலோக உறையின் ஜன்னலில் மாட்டிப் புகைபோக்கி மாதிரி செங்குத்தாக நின்றது. ஒரு முறை அடுத்த தோட்டாவின் மூக்கு பேரலின் (குழலின்) பின்வாய்க்குக் கீழே முட்டிக்கொண்டது. ஒரு முறை டிரிகரை இழுத்ததும் ‘டிக்’ என்ற சத்தம் மட்டும் வந்தது. ஸ்லைடைத் திரும்ப முன்னால் தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங்கை இன்னும் கெட்டியானதாக மாற்றலாமா, தெரிந்த லேத் பட்டறையில் கொடுத்து உள்ளே வழவழப்பாக்கலாமா என்று கேட்கிறீர்கள்.

இரண்டையும் இப்போதைக்குச் செய்யாதீர்கள். உங்கள் பிஸ்டல் கெட்டுப்போயிருக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை. எண்ணெய், தோட்டா, தோட்டா அடுக்கும் மேகசின் இந்த மூன்றையும் சரிபார்த்து முடிக்காமல் உலோகத்தின் மேல் யாரும் கை வைக்கக் கூடாது. பல வருடம் ஆயுதப் பராமரிப்பில் இருந்தவன் என்ற முறையில் இதை உறுதியாகவே சொல்கிறேன். பாக்கெட் பிஸ்டல் சிக்குகிறது என்று என்னிடம் வந்ததில் பாதிக்கு மேல் இந்த மூன்றில்தான் முடிந்திருக்கிறது.

தொடங்கும் முன் ஒரு வரிசை. கையில் எடுத்தவுடன் மேகசினைக் கழற்றுங்கள். அதற்குப் பிறகுதான் ஸ்லைடை முழுக்கப் பின்னால் இழுக்க வேண்டும். இழுத்துப் பிடித்தபடி சேம்பருக்குள், அதாவது பேரலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறைக்குள், கண்ணால் பாருங்கள், சுண்டு விரல் நுனியால் தொட்டும் பாருங்கள். வரிசை மாறினால் என்ன ஆகும்? மேகசின் உள்ளே இருக்கும்போதே ஸ்லைடை இழுத்துச் சேம்பரைக் காலி செய்கிறோம். கையை விட்டதும் மேகசினிலிருந்து அடுத்த தோட்டா ஏறிவிடுகிறது. அப்புறம் மேகசினைக் கழற்றிவிட்டு ‘காலிதான்’ என்று நம்புகிறோம். வீட்டுக்குள் நடக்கும் விபத்துகளில் இதை நான் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன். மேகசின் வெளியே இருந்தால் டிரிகர் வேலை செய்யாதபடி 1910 மாடலில் ஓர் அமைப்பு உண்டு. நூறு வருடம் தொடப்போகும் ஒரு சின்னத் தகட்டை நம்பி பிஸ்டலின் வாயை யார் பக்கமும் திருப்பாதீர்கள். சோதிக்கும் அறையில் தோட்டா ஒன்றுகூட இருக்கக் கூடாது. எல்லாவற்றையும் வேறு அறையில் வைத்துப் பூட்டிவிட்டு வந்து உட்காருங்கள்.

சரி, இந்தச் சின்ன பிஸ்டல் எப்படி இயங்குகிறது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். பெரிய 9 மி.மீ. பிஸ்டல்களில், சுடும் கணத்தில் பேரலும் ஸ்லைடும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். உங்களுடையதில் அந்தப் பூட்டு கிடையாது. ஸ்லைடின் எடையும் பேரலைச் சுற்றியிருக்கும் ஸ்பிரிங்கும் மட்டுமே தோட்டாவின் பின்பக்கத்தைத் தாங்குகின்றன. வெடித்ததும் குண்டு முன்னால் போகிறது, பித்தளைக் கூடு பின்னால் தள்ளுகிறது. அந்தத் தள்ளுதான் மொத்த முதலீடு. ஸ்லைடைப் பின்னுக்கு அனுப்புவது, காலிக் கூட்டை இழுத்து வெளியே எறிவது, ஸ்பிரிங்கை அமுக்குவது, தோட்டாவின் பின்னால் குத்தி வெடிக்க வைக்கும் ஊசியான ஸ்ட்ரைக்கரைக் கொக்கியில் ஏற்றுவது எல்லாம் அதிலிருந்தே நடக்க வேண்டும். திரும்பி வரும்போது அமுங்கிய ஸ்பிரிங் அடுத்த தோட்டாவை மேகசினிலிருந்து உருவிக்கொண்டு சேம்பரில் தள்ளும். .32 தோட்டாவின் குண்டு ஐந்து கிராம்கூட இல்லை. வரவு குறைவு, அதனால் வீண் செலவுக்கு இடமில்லை. பிசுபிசுப்பு கொஞ்சம், வெடிமருந்தின் வலு கொஞ்சம், மணிக்கட்டின் தளர்வு கொஞ்சம் என்று ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டால் ஸ்லைடு பாதி வழியில் சோர்ந்துவிடும்.

காலித் தோட்டா செங்குத்தாக நின்றதற்குப் பொருள் அதுதான். கூடு சேம்பரிலிருந்து வெளியே வந்துவிட்டது, ஆனால் வெளியே எறியப்படும் அளவுக்கு ஸ்லைடு வேகமாகவோ தூரமாகவோ போகவில்லை. திரும்பி வந்த ஸ்லைடு அதைக் கவ்விக்கொண்டது.

இங்கே முதல் சந்தேகம் எனக்குத் தேங்காய் எண்ணெய் மேல். மார்கழிக் காலையில் பாட்டிலுக்குள் அது வெள்ளையாக உறைந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே வந்தாலே இறுகத் தொடங்கிவிடும். உறையாவிட்டாலும் நாளாக ஆகக் கெட்டுப்போகும். மருந்துக் கரியும் பித்தளைத் தூளும் அதில் ஒட்டிக்கொள்ளும். ஒருமுறை இதே மாதிரி ஒரு பழைய பிஸ்டலின் ஸ்லைடைக் கழற்றியபோது ஸ்ட்ரைக்கர் ஓடும் குழியிலிருந்து பழுப்பு நிறத்தில் ஒரு பசை வந்தது. வெல்லப்பாகு கம்பிப் பதத்தில் இழுபடுவது போல நூலாக இழுபட்டது. அந்த ஸ்ட்ரைக்கர் ஓடவில்லை, நீந்திக்கொண்டிருந்தது. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பல் துலக்கும் பழைய பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்துக் காயவைத்துப் பூட்டிய பின் அதில் வேறு எந்தக் குறையும் தெரியவில்லை.

நீங்களும் சமையல் எண்ணெய் எதுவானாலும் முழுக்கத் துடைத்தெடுங்கள். துப்பாக்கிக்கென்று விற்கும் எண்ணெய் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் தையல் மெஷின் எண்ணெய் போதும். ஸ்லைடு உரசி ஓடும் தண்டவாளங்களில் ஒவ்வொரு துளி, பேரலின் வெளிப்பக்கத்தில் விரலால் தடவிய மெல்லிய பூச்சு, அவ்வளவுதான். ஸ்ட்ரைக்கர் குழி, மேகசினின் உட்பக்கம், சேம்பர் மூன்றும் காய்ந்தே இருக்கட்டும். சேம்பரில் எண்ணெய் நின்றால் அது தோட்டாவின் ப்ரைமருக்குள், அதாவது அடியில் குத்துப்பட்டு மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடிக்குள், இறங்கும். இறங்கினால் தோட்டா வெடிக்காமல் போகலாம். எக்ஸ்ட்ராக்டர் என்ற கொக்கியின் நகத்துக்கு அடியில் சேர்ந்திருக்கும் கரியை ஒரு மூங்கில் பல்குச்சியால் சுரண்டுங்கள். அந்த நகம் கூட்டின் விளிம்பை நன்றாகப் பிடித்தால்தான் வெளியே எறிவது ஒழுங்காக நடக்கும். ஊசி, குண்டூசி வேண்டாம், கீறிவிடும்.

இந்த மாடலைக் கழற்றும்போது ஒரு விஷயத்தில் கவனம். பேரலின் வாயைச் சுற்றிச் சொரசொரப்பான ஒரு வளையம் இருக்கும். அதை உள்ளே அமுக்கித் திருப்பினால் வெளியே வரும், பின்னாலேயே ஸ்பிரிங்கும் வரும். விரலைச் சட்டென்று விலக்கினால் இரண்டும் அறையின் அந்த மூலைக்குப் பறக்கும், அல்லது கண்ணுக்கு. கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், வாயைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் பழைய துண்டால் மூடிக்கொண்டு திருப்புங்கள். இதுவரை கழற்றிப் பழக்கமில்லை என்றால் முதல் முறை ஆயுதக் கடையில் செய்துகாட்டச் சொல்லிக் கற்றுக்கொள்வதே நல்லது.

அடுத்தது தோட்டா. அப்பா வைத்திருந்த பெட்டியும் நீங்கள் புதிதாக வாங்கியதும் கலந்து சுட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நம் ஊரில் இது எல்லோர் வீட்டிலும் உள்ள நிலைமை. வருடத்துக்கு இத்தனை என்று லைசென்ஸில் எழுதிய அளவுதான் வாங்க முடியும். விலையும் அதிகம். அதனால் ஒரு பெட்டி இருபது வருடம் பீரோவில் இருக்கும். மூடிய, காய்ந்த இடத்தில் இருந்தால் தோட்டா அத்தனை காலம் தாங்கவும் தாங்கும். ஆனால் கடற்கரை ஊரில், தோல் உறையின் வளையங்களில் செருகி வைத்தது தாங்காது. தோல் ஈரத்தை இழுக்கும், பதனிட்ட ரசாயனம் பித்தளையைத் தின்னும். பச்சையாகக் களிம்பு ஏறியிருக்கும் தோட்டாக்களைத் தனியே பிரித்துவிடுங்கள். துடைத்துப் பளபளப்பாக்கிச் சுடலாம் என்று நினைக்காதீர்கள். எந்தச் சாக்கிலும் வீட்டில் பிரிக்கவோ தோப்பில் சுட்டுத் தீர்க்கவோ வேண்டாம். கடையிலோ ஸ்டேஷனிலோ எழுத்துபூர்வமாக ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

பழைய தோட்டா என்றதும் நான் எப்போதும் சொல்லும் ஒரு சம்பவம். ஒரு பயிற்சித் தளத்தில் உங்களை மாதிரியே ஒருவர், அப்பா விட்டுப்போன .32, அப்பா விட்டுப்போன தோட்டா. நான்காவது தடவை டிரிகரை இழுத்தபோது ‘டப்’ என்று வரவேண்டிய சத்தம் ‘புஸ்’ என்று வந்தது. ஸ்லைடு பாதிதான் அசைந்தது. அவர் அதை வெடிக்காத தோட்டா என்று எடுத்துக்கொண்டு, கையால் ஸ்லைடை இழுத்து அடுத்ததை ஏற்றிவிட்டார். விரல் டிரிகருக்குப் போகும்போது நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். மேகசினைக் கழற்றி, சேம்பரைக் காலி செய்து, ஸ்லைடையும் பேரலையும் பிரித்து வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்தால் பேரலில் வெளிச்சமே தெரியவில்லை. நடுவில் செம்பு நிறத்தில் ஒரு வட்டம். முந்தைய குண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தது. ப்ரைமர் மட்டும் வெடித்து, மருந்து சரியாகப் பற்றாமல், குண்டைப் பாதி தூரம் தள்ளிவிட்டுத் தீர்ந்திருக்கிறது. அடுத்ததைச் சுட்டிருந்தால் அந்தக் குண்டு இதன் முதுகில் மோதி, பேரல் அவர் கைக்குள்ளேயே பிளந்திருக்கும்.

ஆகவே சத்தமோ உதைப்போ வழக்கத்தைவிடக் குறைந்ததாகத் தோன்றினால், தோன்றியது சரியா என்று யோசிக்கவே வேண்டாம். நிறுத்துங்கள். வாயைத் தடுப்புச் சுவர்ப் பக்கம் வைத்தபடி பயிற்சியாளரைக் கூப்பிடுங்கள். பேரலுக்குள் பின்பக்கமிருந்து வெளிச்சம் பார்த்த பிறகுதான் அடுத்தது. உங்களுடைய மூன்று ‘புகைபோக்கி’களில் ஒன்றாவது வலு குறைந்த பழைய தோட்டாவால் வந்திருக்கலாம் என்று நினைக்கிறேன். சோதனைக்குப் புதுப் பெட்டியை மட்டும் எடுத்துப் போங்கள்.

வெடிக்காமல் ‘டிக்’ என்று நின்றால் அதற்கும் ஒரு முறை உண்டு. உடனே ஸ்லைடை இழுத்து வெளியே போடத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். அபூர்வமாக மருந்து தாமதித்துப் பற்றுவது உண்டு. வாயைத் தடுப்புச் சுவர்ப் பக்கமே வைத்து நிதானமாக முப்பது வரை எண்ணுங்கள். பிறகு மேகசினைக் கழற்றி, தோட்டாவை வெளியே எடுத்து, அதன் ப்ரைமரைப் பாருங்கள். உங்களுக்கு ‘டிக்’ கேட்டது என்பதே ஒரு நல்ல தகவல். கைப்பிடியின் பின்பக்கத்தில் உள்ள சேஃப்டியை உள்ளங்கை சரியாக அழுத்தாவிட்டாலும், மேகசின் முழுதாக ஏறிப் பூட்டாவிட்டாலும் இந்த மாடலில் ஸ்ட்ரைக்கரே பாயாது, சத்தமும் வராது. சத்தம் வந்ததால் ஸ்ட்ரைக்கர் பாய்ந்திருக்கிறது. ப்ரைமரில் ஆழமான, நடுவில் விழுந்த குழி இருந்தால் தோட்டாவின் குறை. மேலோட்டமாக ஒரு புள்ளி மட்டும் விழுந்திருந்தால் ஸ்ட்ரைக்கர் குழியின் பிசுக்கு, சோர்ந்த ஸ்ட்ரைக்கர் ஸ்பிரிங், அல்லது ஸ்லைடு கடைசி ஒரு மில்லிமீட்டர் மூடாமல் நின்றது, இந்த மூன்றில் ஒன்று. அந்தத் தோட்டாவைக் கிளப்பில் என்ன செய்தார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அவர்களிடம் இருந்தால் கேட்டுப் பார்த்துவிடுங்கள்.

இப்போது மேகசின். இதுதான் என் கணக்கில் பாதி நோய்க்கு மூலம், இதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. தோட்டாவின் மூக்கு பேரலின் பின்வாய்க்குக் கீழே முட்டியது என்றால், அதைத் தூக்கி நிறுத்த வேண்டியவர் சரியாக நிறுத்தவில்லை என்று அர்த்தம். மேகசின் ஸ்பிரிங் சோர்ந்திருக்கலாம். மேலே உள்ள இரண்டு உதடுகளில் ஒன்று எப்போதோ கீழே விழுந்து விரிந்திருக்கலாம். அடிப்பக்கக் கொக்கி தேய்ந்து, மேகசின் ஒரு மில்லிமீட்டர் தாழ்ந்து நிற்கலாம். உங்களிடம் இரண்டு மேகசின் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஒன்று பிஸ்டலோடு வந்தது, மற்றது பின்னால் வாங்கியது. ஐந்து தடவையில் எது எந்த மேகசினில் என்று குறித்துவைக்கவில்லை. முதல் வேலையாக ஒன்றின் அடியில் ஒரு பொட்டு நெயில் பாலிஷ் வையுங்கள்.

அப்புறம் இரண்டையும் காலியாக வைத்துக்கொண்டு தோட்டாவைத் தாங்கும் தகட்டைக் கட்டைவிரலால் அடிவரை அமுக்கி மெதுவாக விடுங்கள். தடையில்லாமல், சாயாமல், உதடு வரை உறுதியாக ஏறி வர வேண்டும். நடுவில் எங்காவது தயங்கினால் உள்ளே துரு அல்லது நசுங்கல். இரண்டின் உதடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மேலிருந்து பாருங்கள். இடைவெளி வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். விரிந்த உதட்டைக் குறடால் அழுத்திச் சரிசெய்வதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஒருமுறை வளைந்த தகடு திரும்பவும் அந்தப் பக்கமே போகும். மேகசினை ஏற்றிய பின் அடியைப் பிடித்து லேசாகக் கீழே இழுத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் கொக்கியைக் கடையில் காட்டுங்கள். பலரும் நினைப்பது போல, நிரப்பியே வைத்திருப்பதால் ஸ்பிரிங் அவ்வளவாகக் கெடுவதில்லை. நிரப்பிக் காலி செய்து ஏறி இறங்குவதில்தான் தேய்மானம் கூடுதல். ஆனால் ஐம்பது அறுபது வருடம் ஆன ஸ்பிரிங், துருவும் பிடித்திருந்தால், இரண்டாலுமே சோர்ந்திருக்கும். அதை மாற்றுவது பிஸ்டலில் கைவைப்பதைவிடப் பத்து மடங்கு சுலபம்.

.32 ரகத்துக்கென்றே ஒரு சிக்கல் உண்டு, இதைத் தெரிந்துகொள்ளுங்கள். துப்பாக்கி வடிவமைப்பாளர் ஜான் பிரவுனிங் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தத் தோட்டாவை வடிவமைத்தபோது, சேம்பருக்குள் சரியான இடத்தில் நிற்பதற்காக அடியில் மெல்லிய விளிம்பு ஒன்று விட்டார். உடலைவிட விளிம்பு பக்கத்துக்குக் கால் மில்லிமீட்டர்தான் நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு தோட்டாவை எடுத்து நகத்தால் கீழ்நோக்கி வருடிப் பாருங்கள், நகம் தட்டும். பிற்பாடு அவரே 1908இல் கொண்டுவந்த .380 தோட்டாவில் அந்த நீட்டல் இல்லை. மேகசினுக்குள் மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். இடம் மாறிப் பின்னால் விழுந்துவிட்டால், ஸ்லைடு மேல் தோட்டாவை முன்னால் தள்ளும்போது இரண்டு விளிம்பும் ஒன்றையொன்று கோத்துக்கொள்ளும். மேல் தோட்டா நகரவே நகராது. இது ஸ்லைடை ஓங்கி இழுத்தால் விடுபடும் சிக்கல் இல்லை. இன்னும் இறுகும். மேகசினைக் கழற்றித்தான் பிரிக்க வேண்டும்.

நீளமான உருண்டை மூக்குத் தோட்டாக்களில் இது அரிது, ஏனென்றால் மேகசினுக்குள் முன்பின் நகர இடமே இருக்காது. மூக்கில் குழி உள்ள தோட்டாக்கள் சற்றுக் குட்டையாக இருக்கும், அந்த இடைவெளியில்தான் விளிம்பு தாண்டும். அப்பாவின் பெட்டியில் அப்படிச் சில வெளிநாட்டுத் தோட்டாக்கள் கலந்திருந்தன என்று எழுதியிருக்கிறீர்கள். அவற்றை இந்த பிஸ்டலில் போடாதீர்கள். இது உருண்டை மூக்குத் தோட்டாவுக்காக வடிவமைத்த காலத்துப் பொருள். புதியதானாலும் நிரப்பும்போது ஒவ்வொன்றையும் முந்தையதன் விளிம்புக்கு முன்னால் அழுத்தி, பின்னால் வழுக்கிவிட்டு, பின்சுவரில் தட்டும்வரை தள்ளுங்கள். ஏழும் நிரப்பிய பின் மேகசினின் பின்பக்கத்தை உள்ளங்கையில் ஒருமுறை தட்டிக்கொள்வது பழைய பழக்கம், நல்ல பழக்கம்.

மணிக்கட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். பிஸ்டல் மொத்தமே 15 செ.மீ. நீளம், அறுநூறு கிராமுக்குள். முதல் முறை சுடுபவர் உதைப்புக்குப் பயந்து கையை மெத்தென்று வைத்துக்கொள்வார். அப்போது ஸ்லைடு பின்னால் போவதோடு கையும் பின்னால் போகும், ஸ்லைடுக்குக் கிடைக்க வேண்டிய தூரம் குறையும். அடுத்த தடவை பயிற்சியாளரையே ஒரு மேகசின் சுடச் சொல்லுங்கள். அவர் கையில் நிற்காமல் ஓடினால் விடை கிடைத்துவிட்டது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பாக்கெட் பிஸ்டல்தான் பிடிப்பதற்குக் கடினமானது.

ரீகாயில் ஸ்பிரிங்குக்கு வருகிறேன். கெட்டியான ஸ்பிரிங் போட்டால் எல்லாம் வேகமாக நடக்கும் என்று தோன்றுவது இயல்பு. நடப்பது நேர் எதிர். உங்கள் ஸ்லைடு ஏற்கெனவே முழுத் தூரம் போகாமல் சோர்கிறது. ஸ்பிரிங் கெட்டியானால் இன்னும் குறைந்த தூரமே போகும், புகைபோக்கி கூடும். ஸ்பிரிங்கின் நிலையைக் காலித் தோட்டாக்கள் விழும் இடமே சொல்லும். காலடியிலேயே சோம்பலாக விழுந்தால் ஸ்லைடுக்கு வலு போதவில்லை. நாலைந்து மீட்டர் தாண்டிப் போய் விழுந்து, கையில் சுரீரென்று அடிப்பது போல உதைத்தால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. இரண்டாவது வகையில்தான் புது ஸ்பிரிங் தேவை, அதுவும் அதே பழைய அளவில். அதை விட்டுவைத்தால் ஸ்லைடு ஃபிரேமில் மோதி மோதி விரிசல் விடும்.

சுட்ட காலித் தோட்டாக்களைப் பொறுக்கி வைத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். புதுத் தோட்டா வாங்கும்போது கணக்குக் கேட்பார்கள், அதற்காக மட்டும் சொல்லவில்லை. அவை உங்கள் பிஸ்டலின் ரத்தப் பரிசோதனை அறிக்கை. விளிம்பில் எக்ஸ்ட்ராக்டரின் நகம் சுரண்டிக் கிழித்த தடம் இருக்கிறதா? அப்படியென்றால் கூடு சேம்பரில் ஒட்டிக்கொள்கிறது. சேம்பரில் துருக்குழி இருக்கலாம். அடிப்பக்கம் ஒரு புறமாக வீங்கியிருக்கிறதா? அப்படி ஒன்று இருந்தாலும் மேலும் சுடாமல் கடைக்குக் கொண்டு போங்கள். கூட்டின் உடல் முழுக்கக் கரி படிந்து கறுத்திருந்தால் மருந்தின் அழுத்தம் போதவில்லை.

லேத் பட்டறை விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, தவறாக நினைக்காதீர்கள். லைசென்ஸ் இல்லாதவர் துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதையே 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆவது பிரிவு தடுக்கிறது. நம்பிக்கையான நண்பராக இருந்தாலும் அவரையும் வழக்கில் இழுத்துவிடுவீர்கள். சட்டத்தை விட்டாலும் வேலை ஆபத்தானது. தோட்டா ஏறி வரும் அந்தச் சரிவு வழவழப்பாக இருப்பது நல்லதுதான். ஆனால் பட்டறையில் அரத்தால் நாலு இழுப்பு இழுத்தால் சரிவின் கோணம் மாறும், சேம்பரின் அடி விளிம்பு தேய்ந்து, தோட்டாவின் பின்பகுதியைத் தாங்க உலோகம் இல்லாமல் போகும். பூட்டில்லாத பிஸ்டலில் அந்த இடத்தில்தான் பித்தளை கிழிந்து சூடான வாயு மேகசின் வழியாக உங்கள் உள்ளங்கைக்கு இறங்கும். எடுத்த உலோகத்தைத் திரும்ப வைக்கவும் முடியாது. தனியார் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி 1980களின் நடுவிலேயே நின்றுவிட்ட நாட்டில், இப்படி ஒரு பேரலைக் கெடுத்தால் மாற்றுக்கு எங்கே போவீர்கள்? பழுதுபார்க்கும் லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடைக்கு, உங்கள் லைசென்ஸையும் எடுத்துக்கொண்டு போங்கள். கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள்.

அடுத்த முறை கிளப்புக்குப் போகும்போது இப்படிச் செய்யுங்கள். பிஸ்டல் முழுக்கத் துடைத்து, சரியான எண்ணெய் சரியான இடங்களில். தோட்டா ஒரே பெட்டியிலிருந்து, புதியது, உருண்டை மூக்கு. முதல் தடவை மேகசினில் இரண்டு மட்டும் போடுங்கள், பழைய பிஸ்டலுக்கு அது மரியாதை. ஒரு டிரிகர் இழுப்பில் இரண்டு வெடித்தால் உள்ளே ஸ்ட்ரைக்கரைப் பிடித்து நிறுத்தும் கொக்கி தேய்ந்திருக்கிறது என்று பொருள். ஏழு தோட்டா உள்ளே இருக்கும்போது அதைக் கண்டுபிடிக்கக் கூடாது. அப்படி நடந்தால் அன்றைக்கு அவ்வளவுதான், நேராகக் கடை. நடக்கவில்லை என்றால் பொட்டு வைத்த மேகசினில் ஏழு, பொட்டில்லாததில் ஏழு. நின்றால் உடனே தட்டி விடுவிக்காமல், வாயைத் தடுப்புச் சுவர்ப் பக்கம் வைத்து, விரலை டிரிகரை விட்டு எடுத்து, என்ன நிலையில் நிற்கிறது என்று பயிற்சியாளரும் நீங்களும் பாருங்கள். எந்த மேகசின், எத்தனையாவது தோட்டா, காலியா நிறைந்ததா, மூக்கு எங்கே முட்டியிருக்கிறது என்று ஒரு வரி எழுதிக்கொண்டு பிறகு விடுவியுங்கள். ஒரே மேகசினில் மட்டும் வந்தால் மேகசின். இரண்டிலும் கடைசித் தோட்டாக்களில் வந்தால் மேகசின் ஸ்பிரிங்குகள். இரண்டிலும் எங்கே என்றில்லாமல் வந்தால் எக்ஸ்ட்ராக்டரும் சேம்பரும். அது கடைக்காரர் வேலை, அவரிடம் உங்கள் தாளைக் கொடுத்தால் அரை நாள் மிச்சம்.

இன்னும் ஒன்று. தினமும் இரவு ஏற்றிக் காலையில் இறக்கும் பழக்கம் அப்பாவுக்கு இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படித் திரும்பத் திரும்பச் சேம்பரில் ஏறிய தோட்டாவின் குண்டு, மோதி மோதிக் கூட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிவிடும். உள்ளே இடம் குறைந்தால் அழுத்தம் கூடும். அந்தப் பெட்டியிலிருந்து எதையாவது வைத்துக்கொள்வதாக இருந்தால், ஒவ்வொன்றையும் மேசை மேல் புதிய தோட்டா ஒன்றின் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். தலை தாழ்ந்து நிற்பது கண்ணில் படும். அவற்றைக் களிம்பேறியவற்றோடு சேர்த்துத் திருப்பிக் கொடுங்கள். அவருடைய தோல் உறையை ஞாபகத்துக்காக வைத்துக்கொள்ளுங்கள். பிஸ்டலை மட்டும் அதற்குள் வைக்காமல், எண்ணெய் தடவிய பருத்தித் துணியில் சுற்றி, தோட்டாவிலிருந்து தனியாக, பூட்டில் வையுங்கள். சோதித்த பிறகு அந்தத் தாளில் எழுதியதை அப்படியே அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.